திருப்பூர்ல வேலைக்கு சைக்கிள்: மெயின் ரோட்டுல பாதை கேக்கறது சரியா?

நொய்யல்கரை:
அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு ரெண்டுலயும் சைக்கிள் பாதை வேணும்னு கேக்கறாங்க. எனக்கு சைக்கிள் வேணும், அந்தப் பாதை வேண்டாம். நம்ம ஊர்ல ரயில் தண்டவாளம் ஒரு கோடு, நொய்யல் ஆறு ஒரு கோடு. ரெண்டுமே கிழக்கு மேற்கா ஊரை வெட்டுது. வீடு வடக்க, பனியன் கம்பெனி தெக்கன்னா எல்லாரும் ஒரு சில பாலத்துலதான் ஏறி இறங்கணும். நெரிசலும் பயமும் அங்கதான். ஊத்துக்குளி ரோட்டு ஒற்றைக்கண் ரயில் பாலத்துக்கு அடில மழைத்தண்ணி நின்னா சைக்கிள்காரர்தான் முதல்ல மாட்டுவார். நொய்யல்ல தண்ணி வந்தா தரைப்பாலம் மூடிருவாங்க. காசு இருந்தா முதல்ல ஆத்துக்கும் தண்டவாளத்துக்கும் குறுக்கே ரெண்டரை மீட்டர் அகலத்துல நடைக்கும் சைக்கிளுக்கும் மட்டும் பாலம் போடுங்க. லாரி எடையைத் தாங்க வேண்டியதில்ல, செலவும் அந்த அளவுக்குக் குறையும். பாலத்தைத் தாண்டிட்டா உள்வீதியிலயே கம்பெனி வாசலுக்குப் போயிரலாம்.

ஓவர்லாக்:
பாலம் நல்லதுதாங்க. ஆனா அதுல யார் போவாங்க? காலைல 8.30க்கு உள்ள போனா ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி 8.30. பன்னெண்டு மணி நேரம் நின்னே அயர்ன் பண்ணினவரை மறுபடி மிதின்னு சொல்றது அநியாயம். மிச்சமும் பெருசா இல்ல. போக வர 8 கி.மீ., மாசம் 26 நாளைக்கு 208 கி.மீ. எக்ஸ்எல் மொபெட் லிட்டருக்கு 50 கி.மீ. குடுத்தா நாலு லிட்டர் சொச்சம், 420 ரூபா பெட்ரோல். பொம்பளைங்களுக்கு 2021 மே மாசத்துல இருந்து சாதா டவுன் பஸ்ல டிக்கெட்டே இல்ல.

நொய்யல்கரை:
பெட்ரோல் கணக்கு சரி, வண்டி கணக்கை விட்டுட்டீங்க. தவணைல எடுத்த மொபெட்டுக்கு மாசத் தவணை, இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்தா பெட்ரோலை விட நாலஞ்சு மடங்கு வரும். வாரச் சம்பளக்காரருக்கு அதுதான் கழுத்தைப் பிடிக்குது. பஸ் மெயின் ரோட்டோட நின்னுரும், கம்பெனி அதுக்கும் உள்ள தள்ளி இருக்கும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல விவசாயம், வீட்டுத்தொழில் போக மத்த வேலைக்குப் போறவங்கள்ல இந்திய அளவில் சுமார் 13 சதவீதம் பேர் சைக்கிள். பைக், ஸ்கூட்டரும் அப்ப ஏறத்தாழ அதே அளவுதான். புதுசா யாருக்கும் பழக்கிவிட வேண்டியதில்ல, விட்டுட்டுப் போனவங்க ஏன் போனாங்கன்னு பாக்கணும்.

பஞ்சர்கடை:
அலுப்புல பாதி சைக்கிளாலயே வர்றதுங்க. சாதா 28 இஞ்ச் சைக்கிள்ல முன் பல்சக்கரத்துல 44 பல், பின்னாடி 18 பல். நிமிஷத்துக்கு 45 சுத்து மிதிச்சா மணிக்கு 14 கி.மீ., நாலு கி.மீ. 17 நிமிஷம். பாலம் ஏறும்போது முட்டி வலிச்சா பின் பல்சக்கரத்தை, அதாவது ப்ரீவீலை, 20 பல்லா மாத்துங்க, மிதி பத்துல ஒரு பங்கு லேசாகும். சீட்டை ஏத்துங்க. பெடல் கீழ இருக்கும்போது முட்டி லேசா மட்டும் மடங்கணும். நம்ம ஆளுங்க கால் தரைல பதியணும்னு சீட்டை இறக்கி வெச்சு முட்டியைக் கெடுத்துக்கறாங்க.

காத்து குறைஞ்சா பள்ளத்துல ரிம் டியூபைக் கடிச்சு ரெண்டு ஓட்டை பக்கம் பக்கமா விழும். ஆணி குத்தினா ஓட்டை ஒண்ணுதான் இருக்கும், அதை வெச்சே காரணம் கண்டுபிடிச்சிரலாம். அப்புறம், குரோம் இரும்பு ரிம் நனைஞ்சா பிரேக் கட்டை பிடிக்காது. மழைல பாலம் இறங்கறதுக்கு முன்னாடியே லேசா அழுத்தி ரிம்மைத் துடைச்சுட்டே வரணும். சேலை, துப்பட்டாவுக்குப் பின் சக்கரத்துல வலை, முழு செயின் கவர் ரெண்டும் கட்டாயம்.

டைனமோவை மட்டும் நம்பாதீங்க. வண்டி நின்னா வெளிச்சமும் நின்னுரும், சிக்னல்ல பின்னாடி வர்ற லாரிக்கு ஆள் தெரியாது. பின்னாடி பேட்டரி சிவப்பு லைட் தனியா வேணும்.

ஓவர்லாக்:
லைட்டு இருந்தாலும் லாரி திரும்பறப்ப என்ன பண்ணுவீங்க? ராத்திரி உள்வீதில நாய் துரத்துமே?

பஞ்சர்கடை:
லாரிக்கு இடது பக்கம் முன்மூலைல நிக்கவே கூடாதுங்க, டிரைவர் கண்ணுக்குத் தெரியாத இடம் அது. இடது திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரத்தை விட உள்வாங்கி வரும், நசுங்கறது அதுலதான். பின்னாடியே நில்லுங்க. நாய்க்கு, இறங்கி சைக்கிளைக் குறுக்க வெச்சு நடக்கறதுதான் வழி. வேகமா மிதிச்சாத்தான் துரத்தும்.

செக்கிங் டேபிள்:
கம்பெனிக்காரங்க பண்ண வேண்டியதை யாரும் சொல்லல. முன் சக்கரத்தை மட்டும் பிடிக்கற குட்டை ஸ்டாண்ட் வாங்கிப் போடாதீங்க, வண்டி சாஞ்சா ரிம் கோட்டமாயிரும். தரைல ஊன்றின முக்கால் மீட்டர் உயரத்துல ப எழுத்தைக் கவுத்த மாதிரி பைப் போதும், ஒண்ணுல ரெண்டு வண்டி சாய்ச்சுப் பூட்டலாம். மேல கூரை வேணும், வெயில்ல டயர் வெடிப்பு விடும். வாரம் ஒரு நாள் மெக்கானிக்கை வரவெச்சா கோட்டம் எடுக்கறதும் பிரேக் கட்டை மாத்தறதும் அங்கயே முடிஞ்சிரும்.

வழில விபத்துன்னா இ.எஸ்.ஐ.ல, அதாவது தொழிலாளர் காப்பீட்டுல, வழி இருக்கு; 2010 திருத்தத்துல பழைய இ.எஸ்.ஐ. சட்டத்துல 51-இ பிரிவா வந்த விதி அது. வீட்டுக்கும் வேலைக்கும் போய்வர்ற நேரத்துல, அந்த வழில நடந்ததுன்னு தொடர்பு காட்டினா வேலை விபத்தா எடுத்துக்குவாங்க. சைக்கிளா பைக்கான்னு அதுல வித்தியாசம் இல்ல.

ஓவர்லாக்:
இ.எஸ்.ஐ.ல பேர் இருந்தாத்தானுங்களே? கான்ட்ராக்ட்ல பீஸ் ரேட்டுக்குத் தைக்கறவருக்கு அந்த விதியால என்ன பிரயோஜனம்? முதல்ல எட்டு மணி நேர ஷிப்ட், இ.எஸ்.ஐ. அட்டை. அப்புறம் சைக்கிள் பேசலாம்.

நொய்யல்கரை:
ரெண்டும் கேட்கலாங்க, ஒண்ணுக்காக இன்னொண்ணு காத்திருக்க வேண்டாம். உடனே செய்யக்கூடியது ஒண்ணு: ராத்திரி கேட் திறந்ததும் சைக்கிளும் நடையும் முதல்ல போகட்டும், கம்பெனி வேன் பத்து நிமிஷம் கழிச்சு நகரட்டும்.

ஓவர்லாக்:
வேன்ல போறவங்க காங்கயம், தாராபுரம் பக்கத்து ஊர்க்காரங்க. வீடு சேரவே அவங்களுக்கு நேரமாகுது. அவங்க பத்து நிமிஷத்தை எடுக்கறதுக்கு நான் ஒத்துக்கமாட்டேன். தனியா இன்னொரு சின்ன கேட் வைக்கச் சொல்லி கம்பெனிக்கு மனு குடுங்க, அதுல கையெழுத்துப் போடறேன்.

செக்கிங் டேபிள்:
ஒண்ணரை மீட்டர் கேட் போதும். பின் வீதில திறக்கற மாதிரி இருக்கணும், அங்க தெருவிளக்கு எரியுதான்னு பார்த்துட்டு மனு எழுதுங்க.