ராப்5 எதிர்ப்பொருள்: ஒற்றைப் பட்டை போதுமான சான்றாகுமா?

இரவுப்பணி எழுதியது:

செல்லின் மேற்சவ்விலிருந்து உள்ளே வரும் நுண்பைகளை உள்வந்தவற்றை வகைபிரிக்கும் பைகளான முதல்நிலை எண்டோசோம்களுடன் இணைக்கும் ராப்5 புரதத்தைக் காண்பதற்காக, முயலில் உருவாக்கிய பாலிக்குளோனல் எதிர்ப்பொருள் ஒன்றை எங்கள் ஆய்வகத்தில் பயன்படுத்துகிறோம். ஹீலா என்ற மனித செல்வரிசையின் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து எதிர்ப்பொருளால் காணும் சோதனையில்) அது 25 கிலோடால்டனுக்குச் சற்றுக் கீழே ஒரே ஒரு பட்டையைத் தருகிறது. வேறு கறை எதுவும் இல்லை. அதே குப்பியிலிருந்து எடுத்துச் செல்களுக்குச் சாயமேற்றினால், எதிர்பார்த்த சிறு புள்ளிகளோடு உட்கருவை ஒட்டி மங்கலான படலம் ஒன்றும் தெரிகிறது. எங்கள் கட்டுரையை மதிப்பிட்டவர், ராப்5 மரபணுவை நீக்கிய நாக்அவுட் செல்களிலும் சாயமேற்றிக் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இவ்வளவு சுத்தமான பட்டையைக் காட்டிய பிறகும் இப்படிக் கேட்பது மிகையானது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உடையவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

தேன்மொழி எழுதியது:

மதிப்பீட்டாளர் கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். மனித செல்களில் அறுபதுக்கும் மேற்பட்ட ராப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை 20 முதல் 25 கிலோடால்டன் எடைக்குள் அடங்குபவை. ஆகவே உங்கள் எதிர்ப்பொருள் ராப்5-உடன் வேறொரு ராப் புரதத்தையும் பிடித்தால்கூட, பிளாட்டில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே பட்டையாகத்தான் தெரியும். 162 கிலோடால்டன் எடையுள்ள ஈஈஏ1 போன்ற எண்டோசோம் புரதத்துக்கு ஒற்றைப் பட்டை ஓரளவு நம்பிக்கை தரலாம். இந்தக் குடும்பத்தில் அது மிகப் பலவீனமான சான்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிளாட்டில் எஸ்டிஎஸ் என்ற சவர்க்காரப் பொருள் கொண்டு பிரித்து நீட்டிய புரதத்தை எதிர்ப்பொருள் சந்திக்கிறது. செல்கள் வளரும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பின் மேலோ, ஃபார்மால்டிஹைடு பிணைத்துப் போட்ட, மடிப்புக் குலையாத புரதத்தைச் சந்திக்கிறது. அங்கே தேர்ந்தது இங்கேயும் தேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அந்தப் படலம் எதிலிருந்து வருகிறது என்று உங்கள் பட்டையால் சொல்ல முடியாதே.

பழைய ஹைபிரிடோமாக்காரர் எழுதியது:

எல்லாவற்றுக்கும் நாக்அவுட் கேட்கும் வழக்கம் அண்மைக் காலத்தது. கோலரும் மில்ஸ்டீனும் 1975-இல், ஒரே வகை எதிர்ப்பொருளைத் தொடர்ந்து சுரக்கும் செல்களை உருவாக்கும் ஹைபிரிடோமா முறையை வெளியிட்ட பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், மனித செல்வரிசைகளில் நினைத்த மரபணுவை எளிதாக நீக்கும் வசதி இல்லாமலேதான் செல் உயிரியல் வளர்ந்தது. ஈஈஏ1 புரதத்தையே 1995-இல் தோல் லூபஸ் நோயாளி ஒருவரின் சீரத்திலிருந்த எதிர்ப்பொருள்கள்தான் அடையாளம் காட்டின. அந்தச் சீரத்திடம் யாரும் நாக்அவுட் சான்றிதழ் கேட்கவில்லை.

இரவுப்பணிக்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. ராப்5-இன் 79-ஆவது இடத்தில் குளூட்டமின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக லூசினை வைத்தால் புரதம் எப்போதும் செயல்நிலையிலேயே இருக்கும். எண்டோசோம்கள் ஒன்றோடொன்று இணைந்து பெரிய வளையங்களாக வீங்கிவிடும். பச்சையாக ஒளிரும் ஜிஎஃப்பி புரதம் இணைத்த இந்தத் திரிபைச் செல்லுக்குள் செலுத்தி, பச்சை வளையங்களின் மேல் உங்கள் எதிர்ப்பொருளின் சிவப்பும் அச்சுப் பிசகாமல் படிகிறதா என்று பாருங்கள். மூன்று நாள் வேலை.

தேன்மொழி எழுதியது:

வளையச் சோதனையை நானும் செய்திருக்கிறேன் ஐயா, பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் அது விடை சொல்வது வேறு கேள்விக்கு. செல்லை ராப்5-ஆல் நிரப்பிவிட்டு, எதிர்ப்பொருள் அதைப் பிடிக்கிறது என்று காட்டினால், பிடிக்க வல்லது என்பது மட்டுமே உறுதியாகும். இயல்பான அளவில் ராப்5 உள்ள செல்லில் அது வேறெதையும் பிடிக்கவில்லை என்பது உறுதியாகாது. நமக்கு வேண்டியது இரண்டாவது.

பழைய முறை நன்றாகத்தான் நடந்தது என்பதையும் என்னால் முழுதாக ஏற்க இயலவில்லை. எதிர்ப்பொருள்களின் தரத்தைச் சோதிக்கும் ஒய்கேரோஸ் குழுவினர் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், நரம்பியல் தொடர்பான 65 புரதங்களுக்குச் சந்தையில் கிடைக்கும் 614 எதிர்ப்பொருள்களை நாக்அவுட் செல்களோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். தன் இலக்கையே அடையாளம் காணாத எதிர்ப்பொருளைக் கொண்டு பெற்ற தரவு, சராசரியாக ஒரு புரதத்துக்குப் பன்னிரண்டு கட்டுரைகளில் இருந்தது. அவையும் மதிப்பீட்டாளர்கள் படித்து ஏற்றுக்கொண்ட கட்டுரைகள்தாம்.

இரவுப்பணி எழுதியது:

எண்ணிக்கையை மறுக்கவில்லை. என் சிக்கல் நடைமுறை சார்ந்தது. ராப்5-க்கு ஏ, பி, சி என மூன்று வடிவங்கள் உண்டு. எங்கள் எதிர்ப்பொருளை உருவாக்கப் பயன்பட்ட துண்டு மூன்றுக்கும் பொதுவான பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது. வால்பகுதியிலிருந்து எடுத்திருந்தாலாவது ஒரு வடிவத்தை மட்டும் நீக்கிப் பார்த்திருக்கலாம், ஏனென்றால் அங்கே மூன்றும் வேறுபடுகின்றன. இப்போது மூன்றையும் ஒருசேர நீக்கினால் செல் எப்படிப் பிழைக்கும்? 2012-இல் டிரெஸ்டன் குழுவினர் எலியின் கல்லீரலில் மூன்று வடிவங்களையும், புரத உற்பத்தியைத் தடுக்கும் எஸ்ஐஆர்என்ஏ கொண்டு குறைத்தபோது, அளவு ஓர் எல்லைக்குக் கீழே இறங்கியதும் எண்டோசோம்களும் லைசோசோம்களும் சேர்ந்தே குறைந்துபோயின. புள்ளிகள் மறைந்தால் எதிர்ப்பொருள் சரி என்று கொள்வதா, புள்ளிகள் இருக்க வேண்டிய உறுப்பே இல்லாமல் போய்விட்டது என்று கொள்வதா?

தேன்மொழி எழுதியது:

இது நல்ல கேள்வி, இதில் உங்களோடு உடன்படுகிறேன். மூன்றையும் நீக்கிய நாக்அவுட்டை நான் கேட்க மாட்டேன். மதிப்பீட்டாளரிடமும் இதையே காரணமாக எழுதலாம். ஆனால் எஸ்ஐஆர்என்ஏ சோதனையை விட்டுவிடத் தேவையில்லை. உறுப்பு மறைந்தாலும் புரதம் மறைந்தாலும், ராப்5-ஐச் சாராத ஒளிர்வு அங்கேயே நிற்கும் அல்லவா? உங்கள் படலத்தைப் பற்றிய கேள்விக்கு அதுவே போதும்.

செய்யும் முறையில் மட்டும் கவனம் வேண்டும். குறைத்த செல்களை ஒரு கவர் ஸ்லிப்பிலும் இயல்பான செல்களை இன்னொன்றிலும் வைத்துப் படமெடுத்தால், கழுவியதில், ஒளியளவில், குவியத்தில் ஏற்படும் சிறு வேறுபாடெல்லாம் முடிவுபோல் தோன்றும். இயல்பான செல்களைப் பச்சைச் சாயத்திலும் குறைத்த செல்களை அடர்சிவப்புச் சாயத்திலும் முன்கூட்டியே ஊறவைத்து, இரண்டையும் கலந்து ஒரே கவர் ஸ்லிப்பில் விதைத்து, மறுநாள் எதிர்ப்பொருளை வேறொரு நிறத்தில் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல இரு வகைச் செல்களும் ஒரே சட்டகத்தில் இருக்கும். ஒரே துளி எதிர்ப்பொருள், ஒரே ஒளி. ஒய்கேரோஸ் குழுவும் இப்படித்தான் கலந்து வைத்துப் பார்க்கிறது.

பழைய ஹைபிரிடோமாக்காரர் எழுதியது:

கலவை முறை நன்று. எங்கள் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லையே என்றிருக்கிறது. ஆயினும் எஸ்ஐஆர்என்ஏ புரதத்தை முற்றாக ஒழிப்பதில்லை. எஞ்சிய ஒளிர்வு மிச்சமுள்ள ராப்5-ஆ, வேற்றுப் புரதமா என்ற ஐயம் அப்போதும் தீராது. எதிர்ப்பொருளை, அதை உருவாக்கப் பயன்பட்ட பெப்டைடுத் துண்டோடு முன்கூட்டியே கலந்து அணைத்துப் பார்க்கும் சோதனையையும் சேருங்கள்.

தேன்மொழி எழுதியது:

பெப்டைடு சோதனையால் இங்கே பயனில்லை ஐயா. எதிர்ப்பொருளின் பிடியிடத்தைப் பெப்டைடு அடைத்துவிட்டால், அது சரியான புரதத்தையும் பிடிக்காது, தவறான புரதத்தையும் பிடிக்காது. இரண்டு ஒளிர்வும் சேர்ந்தே அணைந்துவிடும்.

இரவுப்பணி, இரண்டு வாரங்களுக்குப் பின் எழுதியது:

கலவைச் சோதனையை மூன்று முறை செய்துவிட்டேன். 72 மணி நேரத்துக்குப் பிறகு, பச்சைச் செல்களில் புள்ளிகள் வழக்கம்போல் நிறைந்திருக்கின்றன; ஒட்டி நிற்கும் அடர்சிவப்புச் செல்களில் புள்ளிகள் ஏறக்குறைய இல்லை. உட்கருவை ஒட்டிய படலம் மட்டும் இரண்டிலும் ஒரே அளவில் இருக்கிறது. மிச்சமுள்ள ராப்5 என்றால் புள்ளிகள் குறைந்த விகிதத்திலேயே அதுவும் குறைந்திருக்க வேண்டும். எனவே அது ராப்5 அல்ல. நாக்அவுட் கேட்டது மிகை என்ற கருத்தில் எனக்கு இன்னும் மாற்றமில்லை. ஆனால் மொத்த ஒளிர்வை அளந்து வரைந்த நான்காம் படத்தைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டு, புள்ளிகளை மட்டும் எண்ணிப் புதிதாக வரைந்துகொண்டிருக்கிறேன்.