தண்டுவடத்துக்குள் கட்டி, ஆபரேஷன், அதற்குப் பிறகான வாரங்கள்: கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்

ஒரு அம்மா, ஈரோடு:

என் பையன் பகலெல்லாம் ஓடியாடுவான். ராத்திரி படுத்தால்தான் முதுகு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்து அழுவான். "வளர்ற வயசு வலி, தானா போயிடும்" என்றார்கள். அப்புறம் மாடிப்படியில் தடுக்கித் தடுக்கி விழுந்தான். எப்போதோ நின்றுபோன பழக்கம் திரும்பி, படுக்கையை நனைக்க ஆரம்பித்தான். எம்.ஆர்.ஐ. எடுத்தால் நடு முதுகில் கட்டி. தண்டுவடத்தை ஒட்டி அல்ல, அதற்கு உள்ளேயே.

ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யூ.வில் கண் விழித்தபோது வலது கால் அசையவில்லை. நடந்து போன பிள்ளையை இப்படிக் கிடத்திவிட்டார்களே என்று வீட்டுக்காரர் டாக்டரிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. டாக்டரோ, "கால் வந்துடும், கொஞ்ச வாரம் பொறுங்க" என்று நிதானமாகச் சொன்னார். சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் கால் வந்துவிட்டது. பாதம் மட்டும் இன்னும் இழுக்கிறது, ஸ்பிளின்ட் போட்டு நடக்கிறான். பயாப்சியில் பைலோசைட்டிக் அஸ்ட்ரோசைட்டோமா, கிரேடு 1 என்று வந்தது, மெதுவாக வளரும் வகைக் கட்டி. அவர் எதை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொன்னார்?

நரம்பு மானிட்டரிங் டெக்னீசியன், சென்னை:

அம்மா, உங்கள் டாக்டர் என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் தியேட்டரில் அந்த உறுதி எங்கிருந்து வரும் என்று சொல்கிறேன். குழந்தை மயக்கத்தில் இருக்கும்போது தலைத்தோலில் சிறு மின்தூண்டல் கொடுப்போம். கை கால் தசைகளில் எதிரொலி வருகிறதா என்பது ஒரு கணக்கு. தண்டுவடத்தின் உறைமேல், கட்டிக்குக் கீழே ஒரு மெல்லிய எலெக்ட்ரோடு வைத்து டி-வேவ், அதாவது அந்தத் தூண்டல் தண்டுவடம் வழியே நேராக இறங்கி வரும் அலை, பார்ப்பது இன்னொரு கணக்கு. தசையில் எதிரொலி மறைந்தாலும் டி-வேவ் உயரம் பாதிக்கு மேல் நின்றால், எழுந்ததும் கால் அசையாமல் இருக்கலாம். பெரும்பாலும் அது திரும்பி வரும். டி-வேவ் பாதியாகக் குறைகிறது என்றால் நாங்களே குரல் கொடுப்போம். சர்ஜன் கையை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான சலைன் விட்டு, ரத்த அழுத்தத்தை ஏற்றச் சொல்லிக் காத்திருப்பார். திரும்பாவிட்டால் மிச்சக் கட்டியை அப்படியே விட்டுவிட்டு மூடுவதும் உண்டு.

மிகச் சின்னக் குழந்தைகளுக்கு நரம்பு இழைகளைச் சுற்றிய உறை முழுதாக வளராததால் டி-வேவ் கிடைக்காமல் போகலாம். முதுகின் அடிப்பகுதிக் கட்டிகளுக்கும் அது உதவாது. உங்கள் பையனுக்கு நடு முதுகு என்பதால் பார்த்திருக்க வாய்ப்புண்டு.

முன்பெல்லாம் இந்தக் கட்டிகளில் துளி எடுத்து பயாப்சி பார்த்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பதே வழக்கம். வளரும் முதுகெலும்புக்கு அது பெரிய கேடு. 1980களில் நியூயார்க்கில் ஃப்ரெட் எப்ஸ்டைன், அல்ட்ராசவுண்ட் அதிர்வால் கட்டியைக் கரைத்து உறிஞ்சும் கருவியைக் கொண்டு, குழந்தைகளுக்கும் பெருமளவு அகற்ற முடியும் என்று காட்டினார். ஆனாலும் அஸ்ட்ரோசைட்டோமாவுக்குப் பெரும்பாலும் தெளிவான எல்லை இருக்காது. "முழுசா எடுத்தாச்சா?" என்றுதான் எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள், எங்கே நிறுத்தினார்கள், ஏன் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒரு அப்பா, மதுரை:

எங்கள் மகளுக்கு முதலில் தெரிந்தது முதுகு வளைவு. பெல்ட் போடச் சொன்னார்கள். இன்னொரு எலும்பு டாக்டர்தான், "மேல்முதுகு இடப்பக்கம் வளைஞ்சிருக்கு, வலியும் இருக்கு. எம்.ஆர்.ஐ. பார்க்காம பெல்ட் வேண்டாம்" என்றார். கட்டி அப்படித்தான் அகப்பட்டது.

போகிறவர்கள் ஒன்று கேளுங்கள்: கட்டியை அடைய முதுகெலும்பின் பின்பக்க எலும்பை வெட்டி எடுத்துவிடுவார்களா, திரும்பப் பொருத்துவார்களா? எங்களுக்குத் திரும்பப் பொருத்தினார்கள். அப்படியும் வளைவு கூடியிருக்கிறது, இப்போது பெல்ட்தான். பிற்பாடு ஸ்க்ரூ வைக்க நேர்ந்தால் அந்த இடத்தில் எம்.ஆர்.ஐ. படம் தெளிவாக வராதாம். நியூரோ டாக்டரும் எலும்பு டாக்டரும் சேர்ந்து பேசட்டும் என்று நாங்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கல்லூரி மாணவி, நாகர்கோவில்:

சின்ன வயதில் கழுத்துப் பகுதியில் செய்தார்கள். கொஞ்சம் கட்டி உள்ளேயே இருக்கிறது, ஸ்கேனில் வளரவில்லை. கை கால் பலத்தைப் பற்றி எல்லாரும் பேசினார்கள், உணர்வைப் பற்றி யாரும் சொல்லவில்லை. தண்டுவடத்தின் பின்பக்கத்தைப் பிளந்துதான் உள்ளே போகிறார்கள். கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்புகள் அங்கேதான் ஓடுகின்றன. முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் சாய்ந்துவிடுவேன். கரண்ட் போனால் சுவரைப் பிடித்துத்தான் நடப்பேன். குளியலறையில் ஒரு கைப்பிடி போட்டது எனக்கு எந்த மருந்தையும்விட உபயோகமாக இருந்தது.

ஈரோட்டு அக்கா, ஸ்பிளின்ட் உரசிப் புண் வந்தாலும் தம்பிக்கு வலி தெரியாமல் போகலாம். ராத்திரி படுக்கும்முன் பாதத்தைப் பார்த்துவிடுங்கள். கால் வளர வளர ஸ்பிளின்டின் அளவையும் மாற்ற வேண்டும்.

ஈரோட்டு அம்மா:

பாதத்தைப் பார்த்தேன் கண்ணு, குதிகாலில் லேசாகச் சிவந்திருக்கிறது. நாளைக்கே பிசியோவிடம் காட்டுகிறேன். அடுத்த ரிவ்யூவில் டி-வேவ் பதிவு இருக்கிறதா என்றும் கேட்கிறேன்.