கடும் டெங்கு: பிள்ளைகளை விட்டுப் பெரியவர்களிடம் போகிறதா?

கதிர்: 1950களில் மணிலாவிலும் பாங்காக்கிலும் ரத்தக்கசிவு டெங்கு தலைகாட்டியபோது, மருத்துவமனைகளில் கிடந்தவர்கள் பெரும்பாலும் சிறுபிள்ளைகள். இன்று தாய்லாந்தில் நோயாளிகளின் சராசரி வயது ஏறிவிட்டது. சிங்கப்பூரில் பெரியவர்களே அதிகம். கொசு ஒழிப்பின் பக்கவிளைவு இது என்பது என் வாதம். சின்ன வயதில் வந்துபோயிருக்க வேண்டியது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்த வயதில் வந்து ஆளைச் சாய்க்கிறது.

நிலா: கொசுவை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள் கதிர். தாய்லாந்தில் பிறப்பு விகிதமும் சரிந்ததே! குழந்தைகள் குறைந்தால் எதிர்ப்பாற்றல் இல்லாத புது உடம்புகள் குறையும், வைரஸ் சுற்றும் வேகம் தளரும், முதல் தொற்றே தாமதமாகும். யாரும் மருந்து அடிக்காவிட்டாலும் வயது ஏறத்தான் செய்யும்.

கதிர்: சிங்கப்பூருக்கு அந்தக் கணக்கு போதாது. வீடுவீடாகக் கொசுப்புழு தேடி அழித்தார்கள். எதிர்ப்பாற்றல் இல்லாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. பிறகு டெங்கு திரும்பி வந்தது.

பொன்னி: டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. கியூபாவைப் பாருங்கள். 1977-இல் முதல் வகை வைரஸ் பரவியது. 1981-இல் இரண்டாம் வகை வந்து 158 பேரைக் கொன்றது, அதில் 101 பேர் குழந்தைகள். அப்புறம் தீவிரக் கொசு ஒழிப்பு. 1997-இல் சாந்தியாகோ நகருக்கு இரண்டாம் வகை திரும்பியது. இம்முறை கடும் நோய் கண்டவர்கள் ஏறத்தாழ எல்லோருமே பெரியவர்கள். இடையில் பிறந்த பிள்ளைகளுக்கு அது முதல் தொற்று. பெரியவர்கள் உடம்பிலோ 20 வருடத்துக்கு முன் முதல் வகைக்கு எதிராக உருவான எதிர்ப்பொருள் இருந்தது. அது இரண்டாம் வகையைத் தடுக்காமல், செல்லுக்குள் நுழைய வழிவிட்டது. ஆக, வயதை மட்டும் பார்த்தால் போதாது, முன்பு எந்த வகை வந்தது என்றும் பார்க்க வேண்டும்.

நிலா: அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் தப்பித்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள் பொன்னி. "சின்ன வயதிலேயே வந்துபோகட்டும்" என்பது ஆபத்தான பேச்சு. குழந்தைகளின் நுண்குழாய்கள் சீக்கிரம் கசியும், ரத்த ஓட்டம் சரியும் அதிர்ச்சி நிலைக்கு வேகமாகப் போவார்கள்.

கதிர்: ஒழிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. ஐம்பது, அறுபது வயதுக்காரருக்குக் காய்ச்சல் விட்டதும் "சரியாகிவிட்டது" என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, குழாயை விட்டுக் கசியத் தொடங்குவதே அந்த நேரத்தில்தான். தட்டணுவை மட்டும் எண்ணிக்கொண்டிருக்காமல் ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். முதியவர்களுக்குக் காய்ச்சலே சரியாகத் தெரியாமலும் போகலாம்.

நிலா: அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் வயது ஏறியதை ஒழிப்பின் தோல்வியாக எழுதினால், தேங்கிய தண்ணீரைக் கவிழ்க்கிறவர்கள் கைவிட்டுவிடுவார்கள். "கொசு ஒழிப்பின் பக்கவிளைவு" என்ற உங்கள் வரியை மட்டும் திருத்துங்கள்.