அப்டேட்: நீந்தி ஓடுற ரேஸ் முடிஞ்சிருச்சு

ஷூவோட நீந்த முடியுமா, திறந்த தண்ணில திசை எப்படிப் பிடிக்கிறதுன்னு போன தடவை கேட்டிருந்தேன்ல, முடிச்சுட்டு வந்துட்டேன், சொல்றேன்.

ஸ்விம்ரன்ல (நீந்துறதும் ஓடுறதும் மாறி மாறி வர்ற இந்த ரேஸ்தான்) ஷூவைக் கழட்டுறதே இல்ல, கரையேறினா அப்படியே ஓட வேண்டியதுதான், 2006ல சுவீடன்ல தீவுக்குத் தீவு நீந்தி ஓடின ரேஸ்லேர்ந்து வந்த பழக்கம். ஷூ காலைக் கீழ இழுக்கும்னு பயந்தேன், ஆனா தொடைக்கு நடுவுல pull buoy-ங்கிற மிதக்குற நுரைக் கட்டையை வச்சதும் இடுப்பு தானா மேல வந்துருச்சு. உதைக்கவே வேண்டாம். கையாலயே இழுத்துப் போறதால தோள்பட்டைதான் செத்துரும்.

திசைக்கு, வழி காட்ட தண்ணில விட்டிருக்கிற மிதவையை மட்டும் நம்பாதீங்க, அலை எழும்பினா அது கண்ணுலயே படாது, அதே நேர்க்கோட்டுல கரைல உயரமா நிக்கிற மரத்தையோ கட்டடத்தையோ முன்னாடியே பாத்து வச்சுக்கங்க. முதலை மாதிரி கண்ணு மட்டும் மேல வந்தா போதும், தலையை முழுசா தூக்கினா இடுப்பு இறங்கிரும்.

முன்னாடி போறவர் காலை ஒட்டியே போன்னு ஒருத்தர் சொன்னீங்க, நிஜமாவே தண்ணி லேசாயிருச்சு, என்ன, அவர் கோணலா போனா நாமளும் கோணல்தான் (போனேன்!).

கரைல சட்டுனு எழுந்தா ரத்தம் காலுக்கு இறங்கி தலை சுத்தும், மெதுவா எழுந்துக்கங்க.

அடுத்ததுக்கு தண்ணியைத் தள்ள கைல மாட்டுற தட்டு இருக்குல்ல, பேடில், அதுல பெரிய சைஸ் எடுக்கலாமா, தோள் தாங்குமா?