புதுப்பிப்பு: நுவரெலியாவா, பண்டாரவளையா? முடிவெடுத்துவிட்டோம்

கொழும்பு வெள்ளவத்தையை விட்டுக் குடும்பத்தோடு இலங்கையின் மலையகத்துக்குப் போவதானால் எந்த ஊர் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பண்டாரவளை என்று முடிவாகிவிட்டது.

நுவரெலியாவில் ஏப்ரல் சீசன்தான் சிக்கல். அந்த மாதம் சுற்றுலா வருபவர்களுக்கு விட்டால் வருமானம் அதிகம் என்பதால், பார்த்த வீட்டுக்காரர்கள் வருடம் முழுக்க வாடகைக்குத் தரத் தயங்கினார்கள். உயரமும் 1,800 மீட்டருக்கு மேல். அம்மாவின் மூட்டுவலிக்கு அந்தக் குளிர் ஆகாது. பண்டாரவளை 1,200 மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஃபேன் செலவும் இல்லை. கரட், லீக்ஸ், கோவா (முட்டைக்கோஸ்) மலிவு. மீன்தான் விலை.

வாடகையைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது மண்சரிவு. 2014இல் மண்ணில் புதைந்த மீரியபெத்தை தோட்டமும் பண்டாரவளை இருக்கும் இதே பதுளை மாவட்டம்தான். வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்மேடு, சுவரில் வெடிப்பு, மழைநீர் வடியும் வழி எல்லாவற்றையும் கட்டாயம் பாருங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அபாய வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள். எங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு வீட்டை இதற்காகவே விட்டோம்.

அப்புறம், மகளுக்குத் தமிழ்மொழிப் பாடசாலை இன்னும் சரிவரவில்லை. அங்கே பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் இருந்தால் எழுதுங்கள்.