பொருள்: ‘மலட்டுக் குதிரை’ வேண்டாம்

நண்பர்களுக்கு வணக்கம்.

> பேரன் மெயார் (barren mare) – மலட்டுக் குதிரை

கால்நடைக் கலைச்சொல் பட்டியலில் இந்த ஒரு வரியை மாற்றக் கேட்கிறேன். (ஆங்கிலச் சொல்லை அப்படியே விட்டால் பேரன் பேத்தி கதைபோல இருக்கிறது, அதனால் தமிழ்ச்சொல் கட்டாயம் வேண்டும்.)

குதிரைப் பண்ணைக்காரர்கள் ‘பேரன் மெயார்’ என்று சொல்வது, போன பருவத்தில் பொலிக்கு விட்டும் சினையாகாமல் நிற்கும் குதிரையை. ஏன் சினை நிற்கவில்லை என்று பார்க்கத்தான் சோதனையே தொடங்குகிறது. கருப்பைக்குள் நீர் தேங்கியிருக்கிறதா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள், பஞ்சுக்குச்சியால் எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். சிலவற்றில் கோளாறு தொடங்குவது வாசலில். பல ஈற்றுக்குப் பிறகு பெண்குறி உதடுகள் சரிந்து, காற்றும் இலத்தியும் உள்ளே போய்விடும். மேற்பகுதியை மூடிக் காஸ்லிக் தையல் போட்டால் அடுத்த முறை சினை நிற்கவும் கூடும்.

கருப்பைச் சவ்வில் சிறு துண்டு கிள்ளியெடுத்துத் தரம் பிரிக்கும் கென்னி முறையில் 1, 2ஏ, 2பி, 3 என்று நான்கு தரம். ஆக மோசமான 3ஆம் தரத்துக்கும் குட்டி ஈனும் வாய்ப்பு 10 வீதத்துக்குக் குறைவு என்றுதான் போடுகிறார்கள், பூச்சியம் என்று போடவில்லை. ‘மலடு’ என்று எழுதி நாம்தான் பூச்சியமாக்கிவிடுகிறோம்.

வடமராட்சியில் அம்மம்மாவின் பசு ஒன்று மூன்று முறை நாம்பனிடம் (காளையிடம்) கொண்டுபோயும் சினை நிற்கவில்லை. மாட்டுத் தரகர் ‘மலடு’ என்று விலையைக் குறைக்கப் பார்த்தார். அம்மம்மா கயிற்றை விடாமல், “மலடில்லை, சினை நிக்கேல்லை” என்றா. நமக்கு வேண்டிய சொல் அதிலேயே இருக்கிறது.

என் முன்மொழிவு: சினை நில்லாப் பெட்டை. குதிரைக்குப் பெட்டை என்ற பெயர் தொல்காப்பிய மரபியலிலேயே உண்டு.

— கொழும்பு, வெள்ளவத்தையிலிருந்து

---

ஐயா, மிருக வைத்தியராக ‘சினை நில்லா’வை இரண்டு கையாலும் ஏற்கிறேன். ஆனால் ‘பெட்டை’? யாழ்ப்பாணப் பேச்சில் அது பெண்பிள்ளையைச் சொல்வது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இதை வாசித்துப் பாருங்கள். பிறகு பாடம் நடக்காது.

இன்னொன்று: ‘புரூட்மெயார்’ என்பதற்குச் ‘சினைக்குதிரை’ என்று இருக்கிறதே, அது பிழை. ஈனுவதற்கென்று வைத்திருக்கும் குதிரை எந்நேரமும் சினையாகவா இருக்கும்? ‘ஈற்றுக் குதிரை’ சரியாகப் படுகிறது.

---

தங்கச்சி, தோற்றேன். தொல்காப்பியர் கொழும்பில் வகுப்பெடுக்கவில்லை. ‘சினை நில்லாக் குதிரை’ என்றே வைப்போம். ஆண்குதிரைக்கு எப்படியும் சினை நிற்கப்போவதில்லை, பால் காட்டத் தனிச்சொல் எதற்கு? ‘ஈற்றுக் குதிரை’யும் சரி. இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.