ஹாட்ஜ்சன் பேலஸிலேயே இருக்கட்டுமா, வழியனுப்பிவிடலாமா?

கழுகு77 (2023 ஜூன்)
இங்கிலீஷ் பிரீமியர் லீக் கால்பந்து சீசன் முடிந்தது. நம் லண்டன் அணி கிறிஸ்டல் பேலஸ் 45 புள்ளிகளோடு 11-ஆம் இடம். மார்ச்சில் மேனேஜர் வியெராவை அனுப்பியபோது நிலைமை என்ன? வருடம் பிறந்து ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை. கீழ் டிவிஷனுக்கு இறங்கும் இடங்களுக்கும் நமக்கும் நடுவே மூன்றே புள்ளி. அந்த நேரத்தில் 75 வயதில் மறுபடி மேனேஜராகத் திரும்பி வந்தார் ராய் ஹாட்ஜ்சன். பத்து மேட்சில் 5 வெற்றி, 3 டிரா, 2 தோல்வி. பேலஸ் மைதானம் இருக்கும் க்ராய்டனில் பிறந்தவர், பேலஸ் இளைஞர் அணியில் ஆடியும் சீனியர் அணிக்கு ஒரு மேட்ச்கூட ஆடக் கிடைக்காதவர். இவருக்கு இன்னும் ஒரு வருடம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

கணக்குப்பிள்ளை
தம்பி, அந்த ஐந்து வெற்றியைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். முதல் மூன்று யாரோடு? லெஸ்டர், லீட்ஸ், சவுத்தாம்ப்டன். இந்த சீசனில் கீழே இறங்கிய மூன்று அணிகளும் இவைதான். வியெராவுக்கு அந்தக் கடைசி வாரங்களில் கிடைத்தது மான்செஸ்டர் சிட்டி, லிவர்பூல், நியூகாஸில், மான்செஸ்டர் யுனைடெட் இரண்டு தடவை, பிரைட்டன் இரண்டு தடவை. புயலில் படகு ஓட்டியவனை இறக்கிவிட்டு, காற்று அடங்கியபின் ஏறியவருக்கு மாலை போடுகிறீர்கள்.

கழுகு77
அட்டவணை சுலபம்தான், மறுக்கவில்லை அண்ணே. ஆனால் லீட்ஸ் மேட்சைப் பார்த்தீர்களா? 1-0 பின்தங்கி, முதல் பாதி முடியப்போகும் நேரத்தில் கேஹி சமன் செய்தார். இடைவேளைக்குப் பிறகு நாலு கோல். ஒலிஸே மட்டும் மூன்று கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தார். அதுவரை கோல் பக்கமே போகப் பயந்த அதே பையன்கள்தானே இவர்கள்? எஸே இந்த சீசனில் லீகில் அடித்த 10 கோலில் 6 இந்தப் பத்து மேட்சில் வந்தது. எதிரணி பலவீனம் என்பதால் மட்டும் ஒருவன் அப்படி ஆடிவிட மாட்டான்.

பாதி நேரம்
எனக்கு 38 வயது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. அவர் மழையில் கோட்டுக்கு வெளியே தொண்ணூறு நிமிடம் நின்று கத்துகிறார். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

மூன்றாவது நடுவர்
"சின்ன வயதிலிருந்து அவர் கிளப்" என்பதை ஒரு தகுதியாகச் சொல்வதுதான் எனக்கு ஒட்டவில்லை. 2009-இல் நியூகாஸிலைக் காப்பாற்ற ஷியரர் வந்தார். அந்த ஊர்ப் பிள்ளை, அந்த அணியின் பெரிய கோல்காரர். 8 மேட்ச், ஒரே வெற்றி, அணி இறங்கியது. பாசத்தில் குறைவா? ஹாட்ஜ்சன் ஜெயிப்பது பாசத்தால் அல்ல, வேலை தெரிந்ததால். 2017-இல் முதல் ஏழு மேட்சில் பேலஸுக்கு ஒரு புள்ளி இல்லை, ஒரு கோல்கூட இல்லை. அதில் நாலு அப்போதைய மேனேஜர் டி போயருடையது, மூன்று அவருக்குப் பதிலாக வந்த இவருடையது. எட்டாவது மேட்சில் செல்சியை 2-1 என்று அடித்தார்கள், சீசனை 11-ஆம் இடத்தில் முடித்தார்கள். சரி. அதற்குப் பிறகு? அடுத்த மூன்று சீசனில் 12, 14, 14-ஆம் இடங்கள். விழாமல் பிடித்துக்கொள்வார். மேலே ஏற்றமாட்டார்.

கணக்குப்பிள்ளை
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அப்புறம் இன்னொன்று. நம் நட்சத்திர ஆட்டக்காரர் ஸாஹாவின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. அணியை மறுபடி கட்ட வேண்டிய கோடை இது. ஒரு வருடத்துக்கு மட்டும் இருக்கப்போகிறவர் எந்த இருபது வயதுப் பையனை மனதில் வைத்து ஆள் எடுப்பார்? அடுத்த ஜூனில் மறுபடி இதே தேடல்.

கழுகு77
பாசம் தகுதி இல்லை என்கிறீர்கள், நடுவரே. ஒரு காட்சி ஞாபகப்படுத்துகிறேன். 2022 மே 7. ஹாட்ஜ்சன் அப்போது வாட்ஃபோர்டு மேனேஜர். நம் மைதானமான செல்ஹர்ஸ்ட் பார்க்கில் பேலஸிடம் 1-0 தோற்று வாட்ஃபோர்டு கீழே இறங்குகிறது. விசில் ஊதியதும் மனுஷன் பேலஸ் ரசிகர்களைப் பார்த்துக் கை தட்டுகிறார். இவர் வேறு எங்கே போய் உட்கார முடியும், சொல்லுங்கள்.

மூன்றாவது நடுவர்
அதே காட்சிதான் எனக்கு எதிர்ச்சாட்சி. சொந்த அணி ரசிகர்கள் தூரத்தில் ஒரு மூலையில் அழுதுகொண்டு நிற்கிறார்கள், அவர்களிடம் போகவில்லை. இந்தப் பாசம் கண்ணை மறைக்கிறது. கிளப் நிர்வாகமும் அதே கண்ணோடு முடிவெடுத்தால் என்ன ஆகும்? 2021 மே மாதமே அவருக்கு அழகாக விடைகொடுத்தாயிற்று. இப்போது இரண்டாவது நல்ல முடிவும் கிடைத்திருக்கிறது. மூன்றாவது இவ்வளவு அழகாக அமையும் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள்?

பாதி நேரம் (2023 ஜூலை 3)
கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு வருடம். அண்ணன் தம்பி சண்டை தொடரட்டும்.

கணக்குப்பிள்ளை (2024 பிப்ரவரி 19)
நான் சொன்னது சரியாகப் போனது என்று சொல்லிக்காட்ட வரவில்லை. போன வியாழக்கிழமை பயிற்சியின்போது அவருக்கு உடம்பு முடியாமல் போய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று படித்ததிலிருந்து மனசு சரியில்லை. இன்று ராஜினாமா செய்துவிட்டார். அவர் இடத்துக்கு ஆலிவர் கிளாஸ்னர் வருகிறார். ஜனவரியில் ஆர்சனலிடம் 5-0 வாங்கியபோது ரசிகர்கள் நிர்வாகத்துக்கு எதிராகப் பேனர் பிடித்தார்கள். அதைப் பெஞ்சிலிருந்து அவரும் பார்த்திருப்பாரே என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

கழுகு77
அண்ணே, ஜூனில் போயிருந்தால் அந்தப் பேனர் அவர் கண்ணில் பட்டிருக்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேண்டாம் என்று அவர் சொல்லியிருப்பார் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

கணக்குப்பிள்ளை
அவர் சொல்லமாட்டார். அதனால்தான் நிர்வாகம் சொல்லியிருக்க வேண்டும்.

கழுகு77
எவர்ட்டன் மைதானத்தில் இன்றைக்கு அவருடைய உதவியாளர்கள் லூவிங்டனும் மெக்கார்த்தியும்தான் அணியை நடத்துகிறார்கள். புதியவர் கேலரியில் உட்கார்ந்திருக்கிறார். அயூ இப்போதுதான் அடித்தார், 1-0. பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?